நவநீதனின் ஓகே

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவன் நவநீதன். சாம்பிள் ஷூவில் தொங்கும் அட்டை டேக்கில் அவன் 'ஓகே' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த சாம்பிளை அப்புறம் யாரும் மாற்றக் கூடாது. அப்பேர்ப்பட்டவன், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பெரிய முடிவோடு ஜன்னலோர சாய்வு நாற்காலியில் சாய்ந்தான். இன்று முழுக்க வாயிலிருந்து ஓகே தவிர வேறு சொல் வராது.

காரணம் அந்த ஜன்னல்தான். வீட்டில் காற்றும் வெளிச்சமும் வருகிற ஒரே இடம். மனைவி விஜயகுமாரி ஒரு மாதமாக ஷூவின் மேல்தோலான அப்பர்களை வீட்டுக்கு வாங்கிவந்து கைத்தையல் போடுகிறாள். "இருட்டுல ஊசி கோக்க முடியலைங்க, நாற்காலிய நகத்துங்க" என்பாள். மறுத்தால் சண்டை. சம்மதித்தால் ஜன்னல் போச்சு. இரண்டுக்கும் நடுவில் ஓகே கைகொடுத்தது. இழுத்துச் சொன்னால் அப்புறம் பார்க்கலாம். இரண்டு தடவை சொன்னால் பேச்சை நிறுத்து. கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் காதிலேயே விழவில்லை. குழம்புக்குச் சொல்கிற ஓகே தனி. உப்பு ஜாஸ்தி என்று அர்த்தம். ஒரு மாதத்தில் நாற்காலி ஒரு அங்குலம் நகரவில்லை. வெள்ளைக்காரன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் இந்தச் சொல்தான் என்று அவன் மனதார நம்பினான்.

ஜவ்வாது மலைக் காற்று வந்தது. கண் சொருகியது. பாலாற்றில் தண்ணீர் போனது. கனவுதானே, நிறையவே போனது. நானூறாம் நம்பர் ஷூ ஒன்று மிதந்து வர, நவநீதன் ஏறி அதன் நாக்கில் சாய்ந்துகொண்டான். மேலே மேகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றிலும் தையல் பிசகில்லை. அப்படியே காவேரிப்பாக்கம் ஏரி வரைக்கும் போய்விடலாம் போலிருந்தது.

கரையிலிருந்து விஜயகுமாரி குரல் கேட்டது.

"ஏங்க, இந்தப் பீஸு சரியா இருக்குதா?"

கனவிலும் கை தொழிலை மறக்கவில்லை. தையலைத் தடவிப் பார்த்தது.

"ஓகே."

"டேக்ல எழுதிக் குடுங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

"இது?"

"ஓகே."

இப்படி நாலு பீஸ். ஷூ மெதுவாக ஆடியது. சுகமாக இருந்தது.

விழித்தபோது முதுகெல்லாம் வியர்வை. பக்கத்தில் கேஸ் சிலிண்டர். நாற்காலியோடு சேர்த்து அவனையும் அடுப்படிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஜன்னலடியில் விஜயகுமாரியும் பக்கத்து வீட்டு அம்பரீனும் அப்பர் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா குமாரி இது? யாரைக் கேட்டு நகத்துன?"

"உங்களைக் கேட்டுத்தான். கைப்பிடியில பாருங்க."

டேக் தொங்கியது. 'நாற்காலிக்கு இடம், அடுப்படி' என்று அவள் எழுத்து. கீழே ஓகே, அவன் கையெழுத்து.

"தூக்கத்துல போட்டது செல்லாது."

"கையெழுத்துப் போட்ட சாம்பிள முதலாளியே வந்தாலும் மாத்தக் கூடாதுன்னு தெனம் சாப்புடும்போது யார் சொல்றது?"

"எங்க வீட்டுக்கே கேக்கும் அண்ணா" என்றாள் அம்பரீன்.

நவநீதனுக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. ஆனாலும் பதினோரு வருஷமாகக் காப்பாற்றி வந்த விதி. சிலிண்டர் பக்கம் காலைச் சுருக்கிக்கொண்டான். அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது.

"நாலு டேக்ல போட்ட மாதிரி ஞாபகம். மீதி மூணுல இன்னா எழுதியிருக்கு?"

விஜயகுமாரி நல்ல வெளிச்சத்தில் ஊசியைத் தூக்கிப் பிடித்து நூல் கோத்தாள்.

"இன்னும் ஒண்ணும் எழுதலைங்க."