சித்தியின் வேண்டுதலும் என் மூன்று சுற்றும்

ஹாட்யாய் ஆஸ்பத்திரியில், கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்ற கட்டளையோடு இருக்கும் அன்புள்ள பயோம் சித்திக்கு,

சாய்பின் கைகூப்பி எழுதுவது. நீங்களும் வயிற்றில் இருக்கும் பாப்பாவும் சுகம் என்று சித்தப்பா சொன்னார். இங்கே அம்மா சுகம், காயப்போட்ட மீன் சுகம், நான் இருக்கிறேன். போனில் எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம்.

எட்டு வருஷமாகத் தங்காத பாப்பா இந்தத் தடவை தங்கினால், சோங்க்லா மலையடித் தாத்தா சாமி முன்னால் நோரா நடனம் ஆடி வேண்டுதலைத் தீர்ப்பதாக நேர்ந்துகொண்டீர்கள். நல்லது. ஆனால் ஆடுவது சாய்பின் என்று என் பெயரைச் சாமியிடம் கொடுத்தீர்களே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "பிரசவத்துக்கு முன்னாடி தீர்த்துடணும்டி, இல்லன்னா கொடுத்ததைத் திரும்பக் கேட்டுடும்" என்று அம்மா போன வாரம் பதறியபோதுதான் எனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் நோரா கற்றபோதும் நான் கடைசி வரிசை, அதிலும் தூணுக்குப் பின்னால். எழுந்து நின்று பதில் சொல்லச் சொல்கிறார்கள் என்றுதானே எட்டாவதோடு நின்றேன்! மீன் காயும் பந்தலுக்குப் பின்னால், யாரும் இல்லாதபோது ஆடுவேன். அதை நீங்கள் எப்போது பார்த்தீர்கள்?

சனிக்கிழமை அம்மா வீட்டிலேயே எனக்கு நோரா மணிச்சட்டை மாட்டிவிட்டாள், அதனால் ஏரியைக் கடக்கும் படகில் இருந்த லாரிக்காரர்கள்வரை என்னைப் பார்த்தார்கள். மடியில் சாமிக்குப் படைக்க அறுபது அவித்த முட்டை. பழைய தெருக்களில் சுவரோவியங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சுவரை விட்டுவிட்டு என்னைப் பிடித்தார்கள். மலையடியில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து, முட்டையின் வாசனைக்கு ஒரே நேரத்தில் தலையைத் திருப்பின. கோவிலைப் பார்த்துக்கொள்ளும் லமியட் அக்கா ஊதுபத்தியை ஏற்றி, "இது எரிஞ்சு முடியறதுக்குள்ள சாமிய மூணு சுத்து. கட்டைவிரல் போக எட்டு விரல்லயும் ஆட்டத்துக்கு மாட்டுற நகம் இருக்கணும். குறைஞ்சா சேராது" என்றாள். ஆட்டக்கார பூன்லெர்ட் மாமாவிடம் இரவல் வாங்கிய அந்த நீள நகங்களை மாட்டிய பிறகு, முகத்தைக்கூட மூடிக்கொள்ள முடியவில்லை.

மேளத்துக்கு அம்மாவின் போன். முதல் சுற்றை நான் கண்ணை மூடிக்கொண்டே முடித்தேன். இரண்டாவதில் ஒரு காலைத் தூக்கி நிற்கும்போது மேளம் நின்றுவிட்டது, ஏனென்றால் சித்தி, நீங்கள் கூப்பிட்டீர்கள். "ஆடிக்கிட்டுத்தான் இருக்கா பயோம். காலைத்தான் உயரத் தூக்க மாட்டேங்கிறா. நீ சாப்பிட்டியா? என்ன குழம்பு?" என்று அம்மா பேச ஆரம்பித்தாள். மேளம் திரும்ப வரும்வரை காலை இறக்கக் கூடாதாம். ஆஸ்பத்திரிக் குழம்பில் உப்பு இல்லை என்று நீங்கள் சொன்னதை நான் ஒற்றைக் காலில் நின்று கேட்டேன். அதற்குள் மலேசியாவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

மூன்றாவது சுற்று தொடங்கியதும் ஒரு கிழட்டுக் குரங்கு வந்து என் சுண்டுவிரல் நகத்தை உருவிக்கொண்டு ஓடியது. "ஏழுதான் இருக்கு, சேராது!" என்று லமியட் அக்கா கத்தினாள். ஊதுபத்தி விரல்நுனி அளவுதான் மிச்சம். நான் வெட்கத்தை எங்கே போட்டேனோ தெரியவில்லை, தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு குரங்கின் பின்னால் ஓடினேன். மற்ற நகங்கள் விழுந்துவிடாமல் இரண்டு கையையும் மேலே தூக்கியபடி ஓடியதால் பஸ்காரர்கள் அதுவும் ஆட்டம்தான் என்று கைதட்டினார்கள். குரங்கு கோவிலையே சுற்றி ஓடி, சாமிக்கு முன்னால் வந்து நின்று, முட்டையை வாங்கிக்கொண்டு நகத்தைக் கீழே போட்டது. நான் அதை மாட்டவும் சாம்பல் உதிரவும் சரியாக இருந்தது.

"சுத்து முடிஞ்சுது. தாத்தா இத்தனை வருஷத்துல பாத்ததுலயே இதுதான் நல்லா இருந்துச்சாம்" என்றாள் லமியட் அக்கா.

"தாத்தா எப்ப சொன்னாரு?"

"சிரிச்சு முடிச்சதும் சொன்னாரு, போ."

இரண்டு நாளாக எனக்கு முழங்கால் மடங்கவில்லை. யாரோ எடுத்த படம் மீன் சந்தைவரை வந்துவிட்டது. அதனால் உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன், இனி எந்தச் சாமியிடமும் என் பெயரைச் சொல்லாதீர்கள். இந்த ஜென்மத்தில் நான் நாலு பேர் முன்னால் கையைத் தூக்கப்போவதில்லை. நீங்களும் பாப்பாவும் உப்புப் போட்ட சோறு சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
களைத்துப்போன உங்கள் அக்கா மகள்,
சாய்பின்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது சித்தப்பா போன் செய்தார். ஒரு மாதம் முன்னதாகவே உங்களுக்கு வலி வந்துவிட்டதாம், உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். குரல் சரியாகவே இல்லை. அம்மா தோளில் பையை மாட்டிக்கொண்டு பையைத் தேடுகிறாள். நான் மீன் பந்தலுக்குப் பின்னால் போய், மலை இருக்கும் பக்கம் பார்த்துக் கைகூப்பினேன். நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக வீட்டுக்கு வந்தால் மறுபடியும் ஆடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று சுற்று என்றுதான் நினைத்தேன், வாயில் ஒன்பது என்று வந்துவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டே ஆடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் பாப்பாவோடு வந்து முன்னால் உட்கார வேண்டும். ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் முட்டை. அன்றைக்கு மட்டும் யாருக்கும் போன் செய்யாதீர்கள்.