செருப்போடு நுழைந்த தமிழ் வாத்தியார்

சாத்தூர்,
20.7.2008

சூரத்தில் குடியிருக்கும் என் மகன் செல்வக்குமாருக்கு, ஓய்வு பெற்ற தமிழாசிரியரும் உன் தகப்பனுமாகிய நாகையா ஆசி கூறி எழுதுவது. இங்கே மழை இல்லை, மற்றபடி குறைவில்லை. உன் அம்மா மாரித்தாய் தான் நலம் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நான் நலமாக இல்லை.

முதலில் உன் மகள் விஷயம். இசைவாணி என்று பெயரை மட்டும் தமிழில் வைத்துவிட்டு, ஆறு வயதுப் பிள்ளையை முழு ஹிந்திக்காரியாக வளர்த்து வைத்திருக்கிறாய். பொங்கலுக்கு வந்தபோது சிலேட்டைக் கொடுத்து 'அ' நாற்பது தடவை எழுதச் சொன்னேன், கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டது. அன்றிலிருந்து தாத்தா போன் என்றாலே ஓடுகிறதாம். வாரா வாரம் கார்டில் பாடம் எழுதி அனுப்புகிறேன், பதில் இல்லை. உயிரெழுத்து பன்னிரண்டையும் தன் கையால் எழுதி அனுப்பும்வரை உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். தீபாவளிக்கு எனக்கு டிக்கெட் போடாதே.

இனி எனக்கு நேர்ந்த அவமானத்தைக் கேள். பட்டாசு கம்பெனி முதலாளி நவநீதகிருஷ்ணன் வீடு தேடி வந்து, "பீகார்ல இருந்து பதினாலு பேரு வந்திருக்காங்கய்யா, சொல்றது ஒண்ணும் விளங்க மாட்டேங்குது, வெடிமருந்து புழங்குற இடம், உசிரு சமாச்சாரம், நீங்கதான் தமிழ் சொல்லிக் குடுக்கணும்" என்று கும்பிட்டார். முப்பத்துநாலு வருஷ சர்வீஸை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தவித்துக்கொண்டிருந்த நான் மறுநாளே கரும்பலகையோடு போய்விட்டேன். முதலில் எழுத்து, பிறகு சொல், பிறகுதான் வாக்கியம், அதுவரை எவனும் தமிழில் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். மருந்து ரூம் வாசலுக்கு 'பாதணிகளுடன் உட்செல்லுதல் முற்றிலும் தவிர்க்கப்படல் வேண்டும்' என்று என் கையாலேயே பலகை எழுதி மாட்டினேன். இரண்டு மாதத்தில் பதினாலு பேரும் 'ஙௌ' வரைக்கும் வந்துவிட்டார்கள்.

ஆனால் காலையிலும் சாயங்காலமும் கம்பெனி வேனில் என்ன நடக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நம்ம தெரு மாரிசெல்வியும் அந்த வேனில்தான் போகிறாள். எட்டாம் வகுப்பில் தமிழில் ஃபெயில், போட்டவனே நான்தான். அவள் தக்காளிச் சோற்றைத் திறந்து வைத்துக்கொண்டு, "வேணும்னா தமிழ்ல கேளுலே" என்பாளாம். இவன்கள் தப்புந்தவறுமாகக் கேட்பார்களாம், வேனே சிரிக்குமாம், மறுபடி கேட்பார்களாம், சோறு கிடைக்குமாம். இதுதான் பாடத்திட்டம்!

போன வாரம் முதலாளி அந்த ரூம் வாசலில் நின்றே பரீட்சை வைத்தார். "மருந்து ரூமுக்குள்ள எத்தனை பேரு இருக்கலாம்?" என்று உள்ளே வேலையாக இருந்த என் முதல் மாணவன் ராம்பிரவேஷைக் கேட்டார். என்னைப் பார்த்து நடுங்கிப்போன அவன் கையைக் கட்டிக்கொண்டு அ, ஆ, இ, ஈ என்று ஆரம்பித்து ஃ வரை ஒப்பித்து நின்றான். முதலாளி முகம் செத்துப்போச்சு. நான் பதறி, அவனுக்கு எடுத்துக்கொடுக்க அறைக்குள் ஒரு எட்டு வைத்தேன். அவ்வளவுதான், ராம்பிரவேஷ் பாய்ந்து வந்து என் நெஞ்சில் கையை வைத்து வெளியே தள்ளினான். "வாத்தியாரய்யா, செருப்பக் களத்துங்க! ஆணி உரசுனா அம்புட்டுப் பேரும் காலி! உள்ள நாலு பேரு இருக்கு, அஞ்சாவது ஆளு வரக் கூடாது, வெளிய நில்லுங்க!" என்றான். சுத்தமான சாத்தூர்த் தமிழ். எழுதி மாட்டிய பலகையை அவர்கள்தான் படிக்கவில்லை என்றால், நானும் படிக்கவில்லை. மாரிசெல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். முதலாளி, "அய்யா, நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்றார். கரும்பலகையைக்கூட அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன். இம்புட்டுக் காலமா நான் என்னத்தலே சொல்லிக் கொடுத்தேன்? வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் கொட்டித் தீர்த்தேன். உன் அம்மா ஆறுதல் சொல்லுவான்னு பார்த்தா, "நாமளும் பேசித்தான தமிழ் படிச்சோம்" என்கிறாள்.

என் கொள்கையில் மாற்றமில்லை. எழுத்து வந்தால்தான் பேச்சு. உனக்கும் உன் மனைவிக்கும் நீண்ட ஆயுளும், உன் மகளுக்குப் பன்னிரண்டு உயிரெழுத்தும் கிட்டட்டும்.

இப்படிக்கு,
உன் தகப்பன்,
நாகையா

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதிப் பத்து நாளாகத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். மாரிசெல்வியோடு சண்டை போடத்தான் வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். "ஏறுங்கய்யா, போய்க்கிட்டே ஏசுங்க" என்றாள். ஏறினேன். இன்றுவரை தினமும் ஏறுகிறேன், கம்பெனி வாசலில் இறங்கி டவுன் பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். ராம்பிரவேஷ் பக்கத்தில்தான் உட்காருகிறேன். ஹிந்தியில் கேட்டால்தான் தண்ணீர் பாட்டிலைத் தருகிறான், படுபாவி. தீபாவளிக்கு டிக்கெட் போட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் செய்வேன், பிள்ளையிடம் கொடு. சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், யாரோடு விளையாடினாய், இந்த மூன்றும் ஹிந்தியில் கேட்க வருகிறது. பதிலை மட்டும் மெதுவாகச் சொல்லச் சொல். தாத்தா தப்பாகப் பேசினால் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கட்டும். ஓட வேண்டாம் என்று மட்டும் சொல்.