முள்ளம்பன்றிக்கு மயில் மருந்து

ஒரு காட்டில், மலைமேல் இருக்கிற முருகன் கோயில் மணிச்சத்தம் காதில் விழுகிற தூரத்தில், பூவாத்தா என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். பிள்ளைகள் நாலு பேரும் வளர்ந்து ஆளுக்கொரு வளை தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் அவளும் வீட்டுக்காரர் சென்னியப்பனும்தான். யாரையும் நோகப் பேசமாட்டாள். செவ்வாய்க்கிழமை தவறாமல் விரதம். கிழங்கு தோண்டினால் முதல் கிழங்கைச் சாமிக்கு ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள்.

அப்படிப்பட்டவளின் புருஷனுக்கு முள் கொட்ட ஆரம்பித்தது.

முதலில் படுத்து எழுந்த இடத்தில் நாலு முள் கிடந்தது. அப்புறம் கூட்டிப் பெருக்கினால் ஒரு முறம் வந்தது. மாசம் முடிவதற்குள் முதுகு நடுவில் வழுக்கை விழுந்துவிட்டது. மற்ற பிராணிக்கு முடி கொட்டினால் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போகலாம். முள்ளம்பன்றிக்கோ கதவும் தாழ்ப்பாளும் காவல்காரனும் எல்லாம் அந்த முள்தான். காட்டில் இதை முதலில் கவனித்தது சிறுத்தை. அதுவரை ஓடைக்கு அந்தப் பக்கம் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தது, இப்போது இந்தப் பக்கம் வர ஆரம்பித்தது. வந்தால் சும்மா போகாது. வளை வாசலில் நின்று, “அண்ணனுக்கு இப்ப எப்படிங்க்கா இருக்கு?” என்று ரொம்ப அக்கறையாக விசாரித்துவிட்டுப் போகும்.

பூவாத்தா புருஷனை டாக்டர் மரங்கொத்தியிடம் கூட்டிப்போனாள். டாக்டர் அவரைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் எட்டு இடத்தில் கொத்திப் பார்த்தார். எட்டு தடவையும் சென்னியப்பன் முருகனைக் கூப்பிட்டார். பார்த்து முடித்து ஒரு ஊசி மருந்து எழுதிக்கொடுத்தார் டாக்டர். பெட்டியின்மேல் ‘மயில்களுக்கு மட்டும், தோகை உதிர்வுக்கு’ என்று அச்சடித்திருந்தது. பூவாத்தா தயங்கினாள். தோகைக்கும் முள்ளுக்கும் வேர் ஒரே மாதிரிதான் அம்மா, இந்த ஊசி போட்டு எத்தனையோ முள்ளம்பன்றிக்குத் திரும்ப முளைத்திருக்கிறது, பெட்டியில் அச்சடிக்கத்தான் யாரும் மெனக்கெடவில்லை என்றார் டாக்டர். ஆனால் ஒரு ஊசியின் விலைக்கு ஒரு வருஷத்துக் கிழங்கைக் கொட்டினாலும் காணாது. அதனாலென்ன, பதினோரு வருஷமாக வனவாழ் காப்பீட்டுக்குத் தவறாமல் சந்தா கட்டுகிறோமே, அது எதற்கு இருக்கிறது என்று பூவாத்தா தெம்பாகவே கிளம்பினாள்.

காப்பீட்டு ஆபீஸ் ஜன்னலில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது. எத்தனை நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கிற ஜாதி என்பதால்தான் அந்த வேலையே கொடுத்திருந்தார்கள். கொக்கு பெட்டியைப் பார்த்தது, சென்னியப்பனைப் பார்த்தது, விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தது. பெட்டியில் முள்ளம்பன்றி என்ற பெயரே இல்லையாம்.

மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்தாள். முதலில் விலை குறைந்த வைத்தியம் பார்த்து, அது பலிக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும் என்று பதில் வந்தது. பதினைந்து நாள் வேப்பெண்ணெய். பதினைந்து நாள் சின்னவெங்காயச் சாறு. சென்னியப்பன் வழுக்கையோடு தாளித்த வாசனையும் சேர்ந்து நடமாடினார். சிறுத்தைக்கு இது இன்னும் வசதியாகிப் போனது. வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி, “மசாலா எல்லாம் தடவி வெச்சிருக்கீங்களேக்கா” என்றது.

அதற்கும் அசையாமல், முள் இல்லாததால் உயிருக்கு ஆபத்து என்பதற்கு என்ன ஆதாரம் என்று மேலிடம் கேட்டது. மேலிடம் யார், எங்கே இருக்கிறது என்று கொக்குக்கும் தெரியாது. சிறுத்தை தினமும் வாசலுக்கு வருகிறதே என்றாள் பூவாத்தா. அப்படியானால் இன்னாரைச் சாப்பிட உத்தேசித்திருக்கிறேன் என்று சிறுத்தையிடம் ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னது கொக்கு. அவளும் போனாள். பக்தி உள்ளவள், வெட்கத்தைப் பார்த்தால் புருஷன் பிழைப்பானா?

சிறுத்தை மரியாதையாக உட்காரச் சொல்லிக் கேட்டுக்கொண்டது.

“வாயால வேணும்னா எத்தனை தடவை வேணாலும் சொல்றேங்க்கா. எழுத்துல மட்டும் கேக்காதீங்க.”

முழுசாக ஒரு முள்கூட மிச்சமில்லாத அன்றைக்கு, பூவாத்தா மறுபடியும் ஜன்னலில் போய் நின்றாள். அழவில்லை. இந்த மனுஷனுக்கு என்ன செய்தால் மருந்து கிடைக்கும், அதைமட்டும் சொல்லு சாமி என்று கேட்டாள். கொக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. ஊன்றியிருந்த காலை மாற்றிக்கொண்டது.

“இவரு மயிலா இருந்தா இன்னைக்கே பாஸ் ஆயிரும்மா. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

இனச் சான்றிதழ் தருகிற அதிகாரி ஓர் உடும்பு. பிடித்தால் விடாது என்று பெயர். பூவாத்தா மனசுக்குள் கந்தனை நினைத்துக்கொண்டு, இவர் மயிலுங்க என்றாள். உடும்பு சென்னியப்பனைச் சுற்றி ஒரு நடை நடந்தது.

“தோகையே இல்லையே?”

“அதுதானுங்க சீக்கே.”

உடும்பு யோசித்துப் பார்த்தது. தோகை இருந்திருந்தால் மருந்து எதற்கு? மருந்து கேட்டிருப்பதால் தோகை இருந்திருக்க வேண்டும். கணக்கு நேராகத்தான் வந்தது. கூவிக் காட்டச் சொன்னது. வெங்காயச் சாறு கண்ணில் இறங்கியிருந்த சென்னியப்பன் ஒரு சத்தம் போட்டார். அது போதும் என்று ‘மேற்படி சென்னியப்பன் மயில் இனத்தைச் சேர்ந்தவர்’ என எழுதி முத்திரையைக் குத்திவிட்டது.

வரும் வழியில் பூவாத்தா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முருகா, உன் வண்டியின் பெயரைக் கொஞ்சநாளைக்கு இரவல் வாங்கியிருக்கிறேன், குணமானதும் பத்திரமாகத் திருப்பித் தருகிறேன், அதுவரைக்கும் இவர்மேல் ஏறி உட்கார்ந்துவிடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

மத்தியானமே மருந்து பாஸ் ஆகிவிட்டது. ஏழு வேலை நாளில் வீட்டுக்கே வரும் என்றார்கள்.

மூன்றாம் நாள் பகலில் சிறுத்தை வந்தது. இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை. பூவாத்தா முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு குறுக்கே நின்றாள். ஒரு பக்கம் மறைத்தால் மறுபக்கம் சென்னியப்பன் தோலுரித்த சேப்பங்கிழங்கு மாதிரி தெரிந்தார். சிறுத்தை ஒரு சுற்று சுற்றி, பின்பக்கமாகப் போய் அவர்மேல் கையை வைத்தே விட்டது. வேறு வழி தெரியாமல் பூவாத்தா சான்றிதழை எடுத்து அதன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

சிறுத்தை படித்தது. முத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. முகம் சுருங்கிப்போனது.

“மயிலைத் தொட்டா வனத்துறை கேஸுங்க்கா. எங்க அத்தை மகன் ஒரு இறகுக்காக மூணு வருஷமா வாய்தாவுக்கு நடக்கிறான்.”

“நான் மயிலு மாதிரியா தெரியறேன் உங்களுக்கு?” என்று பாழாய்ப்போன சென்னியப்பன் இடையில் கேட்டார். அறுபது வருஷமாக உண்மை பேசிப் பழகிய வாய்.

“எனக்குப் பன்னிதானுங்கண்ணா தெரியுது. என் கண்ணைக் கொண்டுபோய் கோர்ட்டுல காட்ட முடியாதே.”

கையை எடுத்துக்கொண்டு, சென்னியப்பனின் முதுகில் தன் நகம் பட்ட இடத்தைத் துடைத்தும் விட்டுவிட்டுச் சிறுத்தை போய்ச் சேர்ந்தது. மறுநாளிலிருந்து ஓடைக்கு அந்தப் பக்கம்தான் நடைப்பயிற்சி.

ஏழாம் நாள் மருந்து வரவில்லை. கடிதம் வந்தது. மயிலுக்கு வருஷாவருஷம் தோகை உதிர்வது இயற்கை, இயற்கையான உதிர்வுக்குக் காப்பீடு கிடையாது, ஆகவே கொடுத்த அனுமதி ரத்து என்று மேலிடம் எழுதியிருந்தது. பூவாத்தா இரண்டு தடவை படித்தாள். யாரையும் திட்டவில்லை. நேராகக் கடைத்தெருவுக்குப் போய்ச் சான்றிதழை லேமினேட் செய்து, இரண்டு ஓட்டை போட்டுக் கயிறு கோத்து, சாமி படத்துமுன் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துப் புருஷன் கழுத்தில் கட்டினாள்.

சென்னியப்பன் இன்றைக்கும் ஒரு முள் இல்லாமல் காட்டின் நடுவழியில் காற்றாடப் போய்வருகிறார். எதிரே வருகிற சிறுத்தைதான் ஒதுங்கி வழிவிடுகிறது.

நீதி: நோய்க்கு ஏற்ற மருந்து கிடைக்காவிட்டால், மருந்துக்கு ஏற்ற பிராணியாக மாறிவிட வேண்டும். மாறிய பிறகும் மருந்தைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.