திரைக்கு முதுகு காட்டிய 'மறுகா'

அன்றைக்கு வாவிக்கரை வீட்டு வளவில் இருந்தவர்கள்: தோணிக்காரர், அவருடைய மனைவி செல்லக்கா, ஏறாவூர் மீன் வியாபாரி நானா, நான், 'மறுகா'. இதில் திட்டு வாங்குவதற்கென்றே ஓட்டோ பிடித்து வந்தவள் அவள் ஒருத்திதான். இந்த உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கவேண்டும்.

வந்தாறுமூலைக் கெம்பஸ் மாணவி. ஊர் நாவற்குடா. யார் எதைச் சொன்னாலும் "மறுகா?" என்பாள், பிறகு என்ன என்று அர்த்தம். "உங்கட படம் சரியில்ல" என்றாலும் அதே முகம், அதே "மறுகா?" சொன்னவர்தான் களைத்துப்போவார்.

கடைசி வருடச் சோதனைக்கு அவள் எடுத்த குறும்படத்தில் நான்தான் கதாநாயகன். வாவிக்குப் போய்த் திரும்பாத தம்பியைத் தேடித் தோணியில் போகும் மீனவன். உண்மையில் நான் ஓட்டோ ஓட்டுகிறவன், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், நீச்சல் தெரியாதவன். கடைசியைமட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆளை மாற்றிவிடுவாளே! நான் படத்தில் நடிக்கிற செய்தி மாமியார் வீடுவரை போய்விட்டிருந்தது.

மீன்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் லெப்டொப்பை வைத்தாள். பிறகு திரைக்கு முதுகைக் காட்டி, பார்ப்பவர்களின் முகங்களைப் பார்த்து உட்கார்ந்தாள். படத்தை அங்கேதான் பார்ப்பாளாம்.

சோகமான கட்டம் வந்தது. எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னகா இது, தோணி விடுறவரா, தென்னமரத்தில ஏறிப்போட்டு இறங்கத் தெரியாம நிக்கிறவரா? புடிச்ச புடிய விடுறாரில்ல!" என்றார் செல்லக்கா.

"மறுகா?"

"தண்ணியப் பாக்கிறாரு பாருங்க புள்ள, கடன் குடுத்தவனப் பாக்கிற மாதிரி!" இது நானா.

"மறுகா?"

"மறுகா என்ன? ஆள மாத்து," என்றார் தோணிக்காரர்.

எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அந்தப் பிள்ளை சோதனையில் தவறினால் பழி என் தலையில் அல்லவா? திரும்பும் வழியில் நானே வாய் திறந்தேன்.

"தங்கச்சி, வேற ஆளப் போடுங்க. உங்கட படிப்புக் கெட்டுப்போகும்."

"மறுகா?"

"எனக்குத் தண்ணியெண்டாப் பயம்."

ஓட்டோவை நிறுத்தச் சொன்னாள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

"அண்ணன், அவங்க சிரிச்ச இடத்தில ஒருத்தரும் கண்ண எடுக்கல்ல. நீங்க மீனவனா நடிச்சது பொய். பயந்தது மெய். ஆள மாத்தத் தேவையில்ல. கதைய மாத்துவம்."

மாற்றினாள்! எடுத்த படத்தை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டாள். இப்போது கதாநாயகன் ஓட்டோக்காரன். தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவன், தம்பிக்காகத் தோணியில் ஏறுகிறான். எனக்கு நடிக்கிற வேலையே இல்லை. கெமராவைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, படத்தில் தெரியாத பக்கமாகத் தோணியைப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் அவளே நின்றாள். "விழுந்தா நான் புடிப்பன், அண்ணன்." என் தோள் உயரம்கூட இல்லாத பிள்ளை.

மறுபடியும் அதே வளவு, அதே மீன்பெட்டி, அதே ஆட்கள். அந்தக் கட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. "டேய் தம்பி, நடுவில இரு, விழுந்திருவாய்!" என்று செல்லக்கா லெப்டொப்பைப் பார்த்துக் கத்தினார். பக்கத்தில்தான் நான் இருந்தேன்.

படம் முடிந்ததும் தோணிக்காரர் கேட்டார்: "மறுகா? தம்பி கிடைச்சானா?"

அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

சோதனை பாஸ். கொழும்பில் வேலை. பஸ்சுக்கு அவளை நான்தான் ஓட்டோவில் ஏற்றிப் போனேன். பையைக் காலுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னேன். "மறுகா?" ஜன்னல் காற்றுக்குத் தலையிடி வரும் என்றேன். "மறுகா?" என் கவலைகளை இப்படிப் பொறுமையாகக் கேட்டவர் இதுவரை யாருமில்லை. பஸ் வருவதற்குள் அவை தீர்ந்துபோய்விடக் கூடாதே என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த பெரிய கவலை.