ஏழாம் நம்பர் ஃபியட்

கோழி எழுந்திருக்க மாட்டேன் என்றது.

"அடையில கீது சார். குஞ்சு பொரிக்க இன்னும் நாலு நாளு ஆவும்," என்றான் பச்சையப்பன்.

"நாளைக்குக் காலையில கல்யாணம்யா!"

"கோழிக்கா?"

ஆர்தர் ஃபியட்டின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கைப்பிடி கழன்று கையோடு வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சித்தூருக்கு வெளியே, புத்தூர் சாலையில் இருந்த அந்த டிரைவ்-இன் தியேட்டரை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. திறந்திருந்ததே மூன்று வருஷம்தான். ஏகாம்பரம் என்பவர் சிங்கப்பூரில் பார்த்துவிட்டு வந்து கட்டியது. காரை விட்டு இறங்காமலே படம் பார்க்கலாம். ஒவ்வொரு காருக்கும் கம்பத்தில் தனி ஸ்பீக்கர். எல்லாவற்றையும் யோசித்த மனுஷன், சித்தூரில் எத்தனை பேரிடம் கார் இருக்கிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. முதல் நாள் மூன்று கார்கள் வந்தன. ஒன்று அவருடையது. இன்னொன்றில் வந்த டாக்டரை, யாரோ மயங்கி விழுந்துவிட்டதாகச் சொல்லி வரவழைத்திருந்தார்கள். மூன்றாவது கார் திருப்பதிக்கு வழி கேட்க வந்தது.

ஏகாம்பரம் அசரவில்லை. ஓடாத கார்களாகத் தேடி வாங்கி, மாடு கட்டி இழுத்து வந்து, பதினொன்றை வரிசையாக நிறுத்தி, கதவுகளில் மஞ்சள் பெயிண்டால் நம்பர் போட்டார். அப்புறம் கூட்டம் தாங்கவில்லை. சைக்கிளிலும் கட்டை வண்டியிலும் வந்த ஜனம் டிக்கெட் வாங்கிக் காரில் ஏறி உட்கார்ந்தது. திரையில் கதாநாயகன் வில்லனைக் காரில் துரத்தினால் பதினொரு ஸ்டீரிங்கும் ஒன்றாகத் திரும்பின. ஹாரனை எல்லோரும் வாயாலேயே அடித்தார்கள். ஐப்பசிப் புயலில் திரை பறந்துபோய் எவருடைய கரும்புத் தோட்டத்திலோ விழுந்த பிறகு எல்லாம் முடிந்தது. ஏகாம்பரம் தடாவில் இருந்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கார்களைக் காவல்காரன் பச்சையப்பனின் கோழிகள் எடுத்துக்கொண்டன.

அந்தப் பதினொன்றில் ஏழாம் நம்பர் ஆர்தருடைய கார். அதாவது, அவன் மாமனார் வீட்டில் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

சினிமா பாவம் என்கிற குடும்பங்களும் வருஷத்தில் ஒரு நாள் அங்கே வரும். பெரிய வெள்ளிக்கிழமை அன்று சபையார் சேர்ந்து ஆண்டவரின் பாடுகளைப் பற்றிய படம் போடச் சொல்வார்கள். நாலு வருஷத்துக்கு முன்பு அப்படி ஒரு நாளில், திருப்பதியில் டைப்ரைட்டிங் வாத்தியாராக இருந்த ஆர்தர் பஸ் பிடித்து வந்து, ஏழாம் நம்பரின் ஸ்டீரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். வெல்ல மண்டி ஜெபமணி தன் இரண்டு பெண்களோடு வந்து பக்கத்தில் நின்றார். காரை முன்னும் பின்னும் பார்த்தார்.

"தம்பி, காரு உங்களுதா?"

பெரியவள் தபீதாள் அப்போது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேறு பக்கம் பார்த்திருந்தால் ஆர்தர் உண்மையைச் சொல்லியிருப்பான்.

"ஆமாங்க."

"கதவுல இன்னா ஏழுன்னு போட்டுக்கீது?"

"தியேட்டர்காரங்க எல்லா காருக்கும் போடுவாங்க. அடையாளத்துக்கு."

ஜெபமணி காரின் கூரையை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, "நல்ல காரு," என்றார். மூன்று பேரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். படம் முடிந்ததும் பெட்ரோல் தீர்ந்துவிட்டதாக ஆர்தர் சொல்ல, எல்லோரும் ஊருக்கு நடந்தே போனார்கள். ஆண்டவர் சிலுவை சுமந்ததைப் பார்த்த அன்றே இப்படி ஒரு பொய்! வழியெல்லாம் ஆர்தருக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் ஆறே மாதத்தில் தபீதாளுக்கும் அவனுக்கும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்துவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்ததும் கார் ரிப்பேருக்குப் போயிற்று. முதலில் கார்புரேட்டர். அப்புறம் கியர் பாக்ஸ். அதற்குச் சாமான் பம்பாயிலிருந்து வரவேண்டும். பம்பாயில் ஸ்டிரைக். மாமனார் வீட்டில் கால் வைக்கும்போதெல்லாம் ஜெபமணி தவறாமல் விசாரிப்பார்.

"காருக்கு இப்ப உடம்பு எப்படி கீது மாப்ளே?"

இட்லி தொண்டையிலேயே நிற்கும். தபீதாள் தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைப்பாள். அவள் மட்டும் ஒரு நாளும் காரைப் பற்றிக் கேட்டதில்லை. அதுதான் அவனை இன்னும் கொன்றது. என்ன ஒரு நம்பிக்கை!

இப்போது சின்னவள் எலிசபெத்துக்குக் கல்யாணம். ஜெபமணி சபையார் முன்னால் சொல்லிவிட்டார்.

"எம் பொண்ணு கோயிலுக்கு எங்க மாப்ளை காருலதான் போவும். வாடகைக் காரு வேணாம்."

"ஆவட்டும் மாமா," என்றது ஆர்தரின் வாய். அது ஆர்தரைக் கலந்துகொள்ளவில்லை.

"இப்ப இன்னா சார் பண்றது?" என்றான் பச்சையப்பன். விஷயம் முழுவதையும் ஆர்தர் அவனிடம் ஒப்பித்திருந்தான்.

"கோழியை முன் சீட்டுக்கு மாத்து."

மாற்றினார்கள். கோழி மூன்று இடத்தில் கொத்தியது. மூன்றும் ஆர்தரின் கையில். அடுத்து பானட்டைத் திறந்தான். எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சேவல் உட்கார்ந்து அவனை முறைத்தது.

"இது எப்படிய்யா ஓடும்?"

"இது ஓடாது சார். எம் மச்சான் மாடு ஓடும்."

"மாடு இழுத்துக்கினு போனா எங்க மாமா இன்னா நினைப்பாரு?"

"வழியில நின்னுபோச்சின்னு சொல்லு. நாலு வருஷம் சொன்ன ஆளு, இன்னொரு நாளு சொல்ல மாட்டியா?"

மஞ்சள் ஏழை மறைக்க ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட் வாங்கி அடித்தான். மறுநாள் காலை தொட்டுப் பார்த்தான். விரல் ஒட்டிக்கொண்டது. நேரமில்லை. மாட்டைக் கட்டினார்கள்.

சித்தூர் கடைத்தெருவில் பூ விற்கிற பெண்பிள்ளை எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "ஏம்பா, மாடு வாங்கினா காரு இனாமா?"

ஆர்தர் கோட்டுக் காலருக்குள் தலையை இழுத்துக்கொண்டான்.

ஜெபமணி வீட்டு வாசலில் பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. மாட்டைப் பார்த்ததும் ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. புறப்படுமுன் ஜெபம் செய்ய வந்திருந்த சபை ஐயர் மட்டும் நிலைமையைச் சமாளிக்கிற மாதிரி, "கர்த்தர் தந்த வாகனம்," என்று சொல்லி, வெள்ளை அங்கியோடு கதவில் சாய்ந்தார். நிமிர்ந்தபோது அங்கியின் முதுகு கறுப்பாக இருந்தது. கதவில் ஏழு பளிச்சென்று இருந்தது. ஆர்தர் பாய்ந்து கைக்குட்டையால் துடைத்தான். கறை ஐயரின் இடுப்புவரை இறங்கியது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தான். முழங்கால்வரை இறங்கியது.

"வழியில நின்னுபோச்சா மாப்ளே?" என்றார் ஜெபமணி.

"ஆமா மாமா."

"பெட்ரோலு தீந்துபோச்சா?"

"ஆமா மாமா."

"காரு உங்களுதுதானே?"

"ஆமா மாமா."

பானட்டுக்குள்ளிருந்து சேவல் கூவியது.

ஆண்டவரைத் தெரியாதென்று மூன்று முறை மறுதலித்த பேதுருவை, அவன் சேவல் சத்தம் கேட்டு அழுததை, ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள்தான் அங்கே நின்ற அத்தனை பேரும். எல்லோரும் ஒன்றாக ஆர்தரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்கார்டைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா... இது என் காரு இல்ல. என்னிக்குமே இருந்ததில்ல. டிரைவ்-இன்காரரு நிறுத்தி வெச்ச காரு. அன்னிக்கு டிக்கெட் வாங்கித்தான் உக்காந்துக்கினு இருந்தேன். தபீதா பாத்துச்சு. வாயில வந்துடுச்சு. ரிப்பேரும் இல்ல, பம்பாயும் இல்ல. பொய் சொல்லித்தான் உங்க பொண்ணைக் கட்டினேன்."

கண்ணில் நீர் முட்டியது. ஜெபமணி தொண்டையைச் செருமினார். காரின் மறுபக்கம் போய், அதன் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். தபீதாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஆர்தர் தலையைக் குனிந்துகொண்டான். இனி இந்த முகத்தை அவளிடம் எப்படிக் காட்டுவது?

எலிசபெத் வெள்ளைச் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி வந்தாள். ஜன்னல் வழியே உள்ளே கைவிட்டு, பார்க்காமலே தாழை நெம்பிக் கதவைத் திறந்து, பின் சீட்டில் தன் மூலையில் உட்கார்ந்தாள். பிறகு தலையை வெளியே நீட்டினாள்.

"அழுவாதீங்க மாமா. எஞ்சின் போச்சின்னு நைனா டிரைவ்-இன்காரருக்கு வித்த எங்க காருதான் இது; உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அக்கா அன்னிக்கே எங்க ரெண்டு பேருகிட்டயும் பைபிள் மேல சத்தியம் வாங்கிக்கினா."