முதலாளியைக் காட்டாத ஊசி

ஊசி பேசுகிறதாம்.

"பேசுதா? எந்த வாயால பேசுது?" என்று யாராவது கேட்டார்களா? இல்லை. "எத்தனை மணிக்குப் பேசும்? வரிசை எங்கே ஆரம்பிக்குது?" என்றுதான் கேட்டார்கள்.

ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் ஒரு சங்கிலி காணாமல் போனது. ஊசி வந்து மருமகளைக் காட்டியது. சங்கிலி கிடைக்கவில்லை. அதனாலென்ன, மாமியாருக்கு மனசு குளிர்ந்ததே! மர மில்லில் மோட்டார் காணவில்லை. சம்பளம் கூட்டிக் கேட்டவனைக் காட்டியது. பள்ளிக்கூடத்தில் கடிகாரம் காணவில்லை. காவலாளியைக் காட்டியது. ஒரு மாமியாரை, ஒரு மில் முதலாளியை, ஒரு தலைமை ஆசிரியரை அது இதுவரை காட்டியதே கிடையாது. அவ்வளவு மரியாதை தெரிந்த ஊசி.

அந்த ஊசியை வைத்துப் பிழைத்தவருக்கு ஊசி மகான் என்று பெயர். வெள்ளை வெளேரென்ற உடுப்பு. எண்ணெய் தடவி வாரிய தாடி. வலது கையில் கோலிக்குண்டு அளவுக்குக் கறுப்புக் கல் மோதிரம்.

அவரைத்தான் தையல்கடை முதலாளியம்மா வரவழைத்தார்.

விஷயம் இதுதான். பெரிய இடத்து அம்மாள் ஒருத்தி தன் கோட்டில் தைக்கச் சொல்லி நாலு தங்கப் பொத்தான் கொடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மாலை எண்ணினால் மூன்று.

"தரை முழுக்கக் காந்தம் இழுத்துப் பார்த்துட்டேன்மா," என்றார் கட்டிங் மாஸ்டர். "மேசைக்கு அடியில, மூலையில, எல்லா இடத்திலயும். குண்டூசி குண்டூசியா வருது. பொத்தான் வரலை."

"அப்போ தரையில இல்லை."

"சத்தியமா இல்லை."

"தரையில இல்லைன்னா எவளோ எடுத்திருக்கா."

ஆகா, என்ன மூளை! கடையில் இருந்த பன்னிரண்டு பேரும் தலையாட்டினார்கள். இந்தப் பேச்சைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காந்தம் உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றியது. வட்டமாக, வடை போல நடுவில் ஓட்டையோடு இருக்கும். அதில் கயிறு கட்டித் தினமும் தரையில் இழுப்பது பெருக்குகிற அம்மாளின் வேலை. விழுந்த குண்டூசியெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் அவளுக்கே காந்தக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். பொத்தான் தொலைந்த அன்று அவள் பல் பிடுங்கப் போயிருந்தாள். மாஸ்டர் ஆயுளில் முதல்முறையாக அன்றுதான் அந்தக் கயிற்றைத் தொட்டார்.

வியாழக்கிழமை காலை மகான் வந்தார். தெருவே கடை வாசலில் வந்து அடைத்துக்கொண்டது. அவர் முதலில் முதலாளியம்மாவோடு துணி அலமாரிக்குப் பின்னால் தனியாகப் போனார்.

"உங்க மனசுக்கு யார் மேல உறுத்தலா இருக்கு, தாயே?"

"பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறாளே, அவ மேலதான். போன மாசம் கூடுதல் நேரம் உட்கார மாட்டேன்னு வாயாடினா."

"ம்ம். நாம சொல்லக் கூடாது. ஊசி சொல்லட்டும்."

வெளியே வந்ததும் குரல் மாறிவிட்டது.

"என் ஊசியை நான் கொண்டுவரலை! அப்புறம் ஏமாத்திட்டான்னு சொல்லுவீங்க. உங்க ஊசியையே கொடுங்க. எந்த ஊசியா இருந்தாலும் என் முன்னால அது பொய் பேசாது!"

வாசலில் கைதட்டல். மாஸ்டர் தன் ஊசிப்பஞ்சிலிருந்து ஒரு குண்டூசியைப் பிடுங்கிப் பயபக்தியோடு நீட்டினார். மகான் அதன் தலையில் நூல் கட்டி விளக்குக் கொக்கியிலிருந்து இஸ்திரி மேசைக்கு மேல் தொங்கவிட்டார். ஒவ்வொருவராக வந்து ஊசிக்குப் பக்கத்தில் கையை வைக்க வேண்டும். அதன்மேல் மகான் தன் கையை வைப்பார்.

மாஸ்டர் வைத்தார். ஊசி சும்மா இருந்தது. இஸ்திரிக்காரர் வைத்தார். சும்மா இருந்தது. காஜா எடுக்கிறவள் வைத்தாள். மகான் கண்ணை மூடினார், உதட்டை அசைத்தார், கையை வைத்தார். ஊசி மெல்லத் திரும்பிச் சாய்ந்து அவள் விரலையே பார்த்து நின்றது.

"ஐயோ!" என்றது வாசல்.

"நினைச்சேன்!" என்றார் முதலாளியம்மா.

"அம்மா, பன்னிரண்டு வருஷமா இந்தக் கடையில ஒரு நூல்கண்டு கூட என்னோட வெளியே வந்ததில்லை…"

"ஊசி பொய் சொல்லுதா? பொத்தானை வை. இல்லைன்னா போலீசு. இந்தத் தெருவில இனி எந்தக் கடையிலயும் உன்னை ஊசி தொட விடமாட்டேன்!"

"என் பொண்ணு கேட்டா நான் என்னம்மா சொல்லுவேன்?"

வாசலில் நின்றவர்கள், நேற்றுவரை அவளிடம் சட்டைக்குக் காஜா எடுத்துப் போனவர்கள், "மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே" என்றார்கள். நேற்று தெரியவில்லை போலிருக்கிறது.

"ஐயா, நான் இன்னும் கை வைக்கலையே," என்றது ஒரு குரல். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்ததால் வார்த்தை கொஞ்சம் கொழகொழவென்று வந்தது. காந்தக்கா.

"நீ அன்னிக்கு வரவே இல்லையே!" என்றார் முதலாளியம்மா.

"பொய் சொல்லாத ஊசி ஆச்சே. என்னைப் பார்த்து என்ன சொல்லுதுன்னு ஆசையா இருக்கு. அதுக்கு முன்னால ஒண்ணு. ஐயா, மாஸ்டர் கை மேல இடது கையை வச்சீங்க. இஸ்திரி அண்ணன் கை மேலயும் இடது கை. இந்தப் பொண்ணு கை மேல மட்டும் எதுக்கு வலது கை?"

"தெய்வீகத்துக்கு இடது வலதெல்லாம் கிடையாது!"

"அப்போ சரி. எந்த ஊசியும் பேசும்னு சொன்னீங்கல்ல? இதைத் தொங்கவிடுங்க."

தன் டப்பாவிலிருந்து ஒரு குண்டூசியை எடுத்துக் கொடுத்தாள். அதே நீளம், அதே வெள்ளை நிறம். மகான் அலட்சியமாக நூலில் கட்டினார்.

"நீயே வாம்மா. மறுபடி கையை வை," என்றாள் காஜா எடுக்கிறவளிடம்.

வைத்தாள். மகான் வலது கையை வைத்தார். ஊசி சும்மா இருந்தது. கையை அப்படி நகர்த்தினார், இப்படி நகர்த்தினார். தாடிக்குள் வியர்த்தது. ஊசி அவரை யாரென்றே தெரியாத மாதிரி நேராகத் தொங்கியது.

"நம்பிக்கை இல்லாதவங்க யாரோ பக்கத்துல இருக்காங்க!" என்று கத்தினார்.

"இருக்கேனே. அதுக்கு ஊசி என்ன பண்ணும்? ஐயா, அது பித்தளை. மேல ஈயப் பூச்சு. பட்டுத் துணியில துருக்கறை படியக் கூடாதுன்னு இந்த ஊசிதான் குத்துவோம். பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி. ஆனா இரும்பு ஊசி காந்தத்துக்கு ஓடி வரும், பித்தளை வராது. வராததையெல்லாம் நான்தான் குனிஞ்சு பொறுக்கறேன். என் இடுப்பைக் கேட்டா சொல்லும்."

வாசலில் யாரோ சிரித்துவிட்டார்கள். மகான் அந்தத் திசையில் முறைத்தார்.

காந்தக்கா பழைய இரும்பு ஊசியை மறுபடி கட்டினாள். கயிற்றோடு தன் காந்தத்தை எடுத்து மேசைப் பலகைக்கு அடியில் பிடித்தாள்.

"அம்மா, நீங்க கையை வைங்க."

"நான் எதுக்கு?"

"ஊசி முன்னால எல்லாரும் ஒண்ணுதானேம்மா?"

தெருவே பார்க்கிறது. முதலாளியம்மா கையை வைத்தார். பலகைக்கு அடியில் காந்தம் நகர்ந்தது. ஊசி முதலாளியம்மாவின் மோதிர விரலைப் பார்த்துச் சாய்ந்து நின்றது.

"ஐயய்யோ, அம்மாவே திருடிட்டாங்க!" என்றார் இஸ்திரிக்காரர். இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"வாயை மூடு! ஏய், எடு அதை!"

"எடுத்துட்டேன்மா. பலகைக்கு அடியில இருந்தே இழுக்குது பார்த்தீங்களா? இப்போ ஐயாவோட மோதிரம்."

மகான் வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். இஸ்திரிக்காரர் அந்த மணிக்கட்டைப் பிடித்து, சட்டைக் கையை விரிப்பது போல மேசைமேல் விரித்தார். காந்தக்கா காந்தத்தைக் கொண்டுபோனாள். மோதிரம் விரலிலேயே புரண்டு விலகியது.

"பாருங்க, தள்ளுது!" என்று மகான் துள்ளினார். "உன் அழுக்குக் காந்தத்தைத் தெய்வீகக் கல் வெறுக்குது!"

"வெறும் கல்லா இருந்தா சும்மா கிடக்கும். இரும்பா இருந்தா ரெண்டு பக்கமும் ஒட்டும். தள்ளுதுன்னா அதுவும் காந்தம்தான் ஐயா. இப்போ திருப்பறேன்."

காந்தத்தைப் புரட்டினாள். டக்! மோதிரம், விரல், மகான் எல்லாம் ஒன்றாக அதில் போய் ஒட்டிக்கொண்டது.

மகான் அப்புறம் எப்படிப் போனார் என்று கேட்காதீர்கள். வெறும் விரலோடு, பின்வாசல் வழியாகப் போனார். மோதிரம் காந்தத்திலேயே இருந்தது.

"எல்லாம் சரி," என்றார் மாஸ்டர், விட்டுக்கொடுக்க மனமில்லாமல். "பொத்தான் போனது போனதுதானே? நான்தான் தரை முழுக்கக் காந்தம் இழுத்தேனே!"

காந்தக்கா அவரையே பார்த்தாள். பல்வலியை மறந்து சிரித்தாள்.

"மாஸ்டர், பொத்தான் என்ன பொத்தான்?"

"தங்கப் பொத்தான்."

"அந்த மூணுல ஒண்ணு எடுங்க. காந்தத்துல வைங்க."

வைத்தார். கீழே விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது. அவர் முகமும் கூடவே விழுந்தது.

பன்னிரண்டு பேரும் முழங்காலில் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம்தான். மாஸ்டரின் கட்டிங் மேசைக்குக் கீழே, ரெண்டு தரைப்பலகைக்கு நடுவிலிருந்த சந்தில், நூல்தூசிக்குள் அது மினுக்கிக்கொண்டிருந்தது. காஜா எடுக்கிறவளே ஊசியால் நெம்பி எடுத்தாள்.

முதலாளியம்மா பொத்தானை வாங்கி முந்தானையில் துடைத்தார். "சரி சரி. போ, போய் வேலையைப் பாரு."

அவள் நகரவில்லை.

"திருடின்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னீங்க. 'சரி சரி' மட்டும் எனக்குத் தனியாவாம்மா?"

வாசல் கூட்டம் இன்னும் கலையவில்லை. முதலாளியம்மா கூட்டத்தைப் பார்த்தார், மேலே தொங்கிய ஊசியைப் பார்த்தார். அது யாரையும் காட்டாமல் தொங்கியது. கடைசியில் வாசல்வரை போனார்.

"இவ எடுக்கலை," என்றார். பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார்.

காஜா எடுக்கிறவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். நூல் கோத்தாள். பாதியில் நின்ற காஜாவைத் தொடர்ந்தாள்.

"ஏன்க்கா," என்றார் மாஸ்டர் மெதுவாக, "இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தினம் உங்க காலடியில தானே இழுக்கறேன். காலைத் தூக்கினீங்க. கீழே பார்க்கலை."

வாசலில் கூட்டம் கலைந்தது. கலையும்போது ஒருவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்: "ஏங்க, மேலத்தெருவில தேங்காய் உருட்டித் திருடனைக் கண்டுபிடிக்கிறவர் வந்திருக்காராமே?"

காந்தம் பாவம், இரும்பை மட்டும்தான் இழுக்கும். நம்மை இழுக்க அதுகூட வேண்டியதில்லை. கழுத்துக்கு மேலே இருப்பதைச் சும்மா வைத்திருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு போவார்கள்.