ஸ்லாப்பில் பதினோரு பொம்மைகள்

வாடகை வீட்டை அழகாக்குபவனைப் போல ஒரு முட்டாள் உலகத்தில் கிடையாது. அந்த முட்டாள் நான்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

2003-ல் விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம். நான் தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். மனைவி செல்விக்கு அப்போது ஆறாம் மாதம். ஹாலில் கதவு உயரத்துக்கு மேலே, மூன்று பக்கமும் சிமெண்ட் ஸ்லாப் ஓடும். அதில்தான் செல்வி பித்தளை அண்டா, பாய், பருப்பு டின் எல்லாம் அடுக்கியிருந்தாள். வேண்டியதை நான் எடுத்துக் கொடுப்பேன்.

மங்கலம்பேட்டையில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போய்வந்ததில் எனக்குப் புத்தி கெட்டது. துபாயிலிருந்து அவன் அண்ணன் அனுப்பிய அலங்காரச் சாமான்களை உயரத்தில் வரிசையாக வைத்து, சீரியல் லைட் போட்டிருந்தார்கள். (நமக்குத் துபாய் இல்லாவிட்டால் என்ன, விருத்தாசலத்தில் செராமிக் பொம்மைச் சூளைகள் இருக்கின்றனவே!)

சூளைகளில் கழித்துப்போட்ட பொம்மைகளாகப் பொறுக்கி வந்தேன். காது உடைந்த மான், மூக்கில்லாத குதிரை, ஒன்றின் முகத்தில் ஒன்று விழிக்காத அன்ன ஜோடி என்று மொத்தம் பதினொன்று. சாமான்களை இறக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

“குனிஞ்சு பருப்பு எடுக்குற நெலமையிலயா இருக்கேன் நான்?” என்றாள் செல்வி.

“ரசனை வேணும் செல்வி” என்றேன். (அந்த மூன்று வார்த்தைக்கு இன்றுவரை அனுபவிக்கிறேன்.)

ஸ்லாப்புக்கு ரோஸ் பெயிண்ட், உடைசலை மறைக்கப் பிளாஸ்டிக் கொடி, மேலே சீரியல் லைட். முடித்ததும் சும்மா இருந்தேனா? பக்கத்துத் தெருவில் இருந்த எங்கள் ஹவுஸ் ஓனரை நானே போய் அழைத்துவந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த மகளையும் அவர் கூட்டிவந்தார். சுவிட்சைப் போட்டேன். இருவரும் அண்ணாந்தார்கள்.

“நம்ம வூடாப்பா இது?” என்றாள் மகள்.

நான் பூரித்துப்போய், என்ன பெயிண்ட், எந்தக் கடை என்பதுவரை விளக்கினேன்.

அடுத்த வாரம் ஓனர் தனியாக வந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க சார். மாப்பிள்ளைக்கு இங்கயே மாத்தலாயிருக்குது. பொண்ணு இந்த வூடுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. ஒரு மாசத்துல காலி பண்ணிக் குடுத்துடுங்க.”

“வூட்ல மாசமா இருக்காங்க சார்…”

“அதுக்குத்தான் ஒரு மாசம் டைம் குடுக்குறேன். அப்புறம், அந்தப் பொம்மைங்க அப்படியே இருக்கட்டும் சார். எறக்குனா எடம் வெறிச்சுனு இருக்கும்.”

செல்வி திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் துணிகளை மடித்துப் பையில் அடுக்கினாள். ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறும்போதும் என் பக்கம் திரும்பவில்லை.

அவசரத்தில் எனக்குக் கிடைத்தது மாடிப்படிக்குக் கீழே ஒரே அறை. மழை பெய்தால் கட்டிலைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். கைக்குழந்தையை அங்கே எப்படிக் கொண்டுவருவது? என் மகன் முதன்முதலாகக் குப்புற விழுந்ததை எஸ்.டி.டி. பூத்தில் நின்று காதால் கேட்டவன் நான்.

இப்போது சொந்த வீடு. வந்தவர்கள் யாராவது, “வூடு நல்லாருக்குதே” என்று சொல்லிவிட்டால் போதும். “அப்பா, மூட்டையக் கட்டலாமா?” என்பான் மகன். எல்லோரும் சிரிப்பார்கள்.

செல்வி மட்டும் சிரிக்காமல் சொல்வாள்: “காலி பண்ணச் சொன்னா உங்கப்பாவத்தான் சொல்லணும். பத்திரம் என் பேர்ல இருக்குது.”